மஸ்கெலியாவின் கற்கருவிகளும் அவற்றைப் பதிந்த ஏடுகளும்

இலங்கையின் கற்காலத்தைப் பற்றி முதன்முதலில் எழுதியவர்களில் ஒருவர் மஸ்கெலியாவில் இருந்த தேயிலைத் தோட்டத் துரை. பெயர் ஜோன் போல். அவர் கல் பொறுக்கிய காலத்தில் அரசின் தொல்லியல் கவனம் வேறு பக்கம் இருந்தது. 1890இல் தொல்பொருள் ஆணையாளராகப் பொறுப்பேற்ற எச்.சி.பி. பெல், 1912இல் ஓய்வு பெறும் வரை அனுராதபுரம், பொலன்னறுவை, சிகிரியா எனப் பழைய தலைநகரங்களிலேயே பெரிதும் உழைத்தார். அவருடைய ஆண்டறிக்கைகள் அரசாங்கச் செலவில் அச்சாயின. மன்னர்களுக்கு முந்தைய மனிதரைத் தேடும் வேலை அந்த நாளில் எந்தத் திணைக்களத்திடமும் இல்லை. ஓய்வு நேரத்தில் கல் சேர்த்த தனிமனிதர் சிலரிடமே அது இருந்தது.

மலைநாட்டில் அந்தக் கற்கள் கண்ணில் பட்டதற்குத் தோட்டத் தொழிலே காரணம். கோப்பிக்காகக் காடு வெட்டி எரிக்கப்பட்டது. 1869இல் கோப்பி இலைகளில் கண்டறியப்பட்ட துருநோய் அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அந்தப் பயிரை ஒழித்துவிட, அதே சரிவுகளில் தேயிலை நடப்பட்டது. லயம் கட்ட மேடு சமன் செய்தார்கள், பாதை வெட்டினார்கள், மலைக்கு மலை வடிகான் வெட்டினார்கள். தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரின் மண்வெட்டியும் அலவாங்கும் திறந்துவிட்ட மண்ணை ஒவ்வொரு மழையும் கழுவிச் சென்றது. மண் போன இடத்தில், பல்லாயிரம் ஆண்டுகளாகப் புதைந்து கிடந்த படிகக்கல் சில்லுகள் மேலே தங்கின. பூண்டுலோயாவில் தோட்டம் நடத்தியவரும், பின்னர் செதில் பூச்சிகள் பற்றிய ஆய்வால் பெயர் பெற்றவருமான இ.இ. கிரீனும் போலும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே இவற்றைச் சேர்க்கத் தொடங்கினர்.

சேர்த்தவற்றைக் கருவிகள் என்று ஒப்புக்கொள்ளச் செய்வது எளிதாக இருக்கவில்லை. ஐரோப்பாவில் கற்கால ஆய்வு தீக்கல்லில் வளர்ந்தது. தீக்கல்லைத் தட்டினால் அடி விழுந்த முனையில் ஒரு சிறு புடைப்பும், அதைச் சுற்றி அலை அலையான வரிகளும் தெளிவாகப் பதியும். இலங்கை மலைகளில் அதிகம் கிடைப்பது வெண்படிகக்கல். அது தன் உள்வெடிப்புகளின் வழியே தாறுமாறாக உடையும். மனிதர் தட்டியதா, பாறையிலிருந்து தானே உதிர்ந்ததா என்று ஒரு சில்லை மட்டும் வைத்துச் சொல்வது கடினம். பார்க்க வேண்டியது ஓரத்தை. விரல் நகத்தளவு கல்லில் ஒரு விளிம்பு கூராகவே விடப்பட்டு, எதிர் விளிம்பு வரிசையாக நுணுக்கிக் கொத்தி மழுக்கப்பட்டிருந்தால் அது இயற்கையின் வேலையன்று. மழுங்கிய பக்கத்தை மரப்பிடியில் பதித்து, கூரிய பக்கத்தால் அறுப்பார்கள். அம்பின் முனையாகவும் பொருத்துவார்கள். பிறை, முக்கோணம் போன்ற வடிவங்களில் வரும் இவையே நுண்கற்கருவிகள்.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரைச் சேர்ந்த பவுல் சரசின், பிரிட்ஸ் சரசின் என்ற ஆய்வாளர்கள் 1907இல் ஊவாவின் நில்கல குகையைத் தோண்டிக் கற்கருவிகளை எடுத்த பிறகு ஐயம் தளர்ந்தது. அவர்களது முடிவுகள் 1908இல் ஜெர்மன் மொழியில் நூலாயின. அதே 1907இல் போலின் கட்டுரை அரச ஆசியக் கழக இலங்கைக் கிளையின் சஞ்சிகையில் வந்தது. இலங்கைக் கற்கருவிகள் பற்றிய அவரது தனிநூல் 1913இல் வெளியாயிற்று. அந்த ஆண்டுகளில் சி. ஹார்ட்லி பண்டாரவளைக் கருவிகளை ஆராய்ந்து கொழும்பு நூதனசாலையின் ஆய்விதழில் எழுதினார். இ.ஜே. வேலண்ட் 1919இல் இலங்கைக் கற்காலங்களின் ஒரு வரைவைத் தந்தார். அரை நூற்றாண்டு கழித்து வந்தவர்களுக்கும் இந்தக் கட்டுரைகளே தொடக்கப் புள்ளியாக இருந்தன.

இந்த ஏடுகளுக்குப் பெரிய குறை ஒன்று உண்டு. மேற்பரப்பில் பொறுக்கிய கல்லுக்கு ஊர் உண்டு, காலம் இல்லை. எந்த ஆழத்தில், எந்த நிற மண்ணில், எதனோடு சேர்ந்து கிடந்தது என்ற குறிப்பு இருந்தால்தான் ஒரு கல் எவ்வளவு பழையது என்று பேச முடியும். கான் வெட்டும்போது கலைந்த மண் அந்தச் செய்தியைக் கலைத்துவிட்டது. கல்லோடு மண்ணைப் புரட்டிய கைகளும் ஏட்டில் ஏறவில்லை. அக்காலத்துக் கள அறிக்கைகள் பொதுவாகத் தொழிலாளரைத் தொகையாகவும் கூலிக்கணக்காகவும் குறித்தன, பெயரால் குறிப்பது அரிது. மலையக வரலாற்றுக்கு இது உண்மையான இழப்பு.

காலத்தைச் சொல்லும் பதிவு ஆற்றின் கீழ்ப்பக்கத்தில் கிடைத்தது. மஸ்கெலி ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்து களனி கங்கையாகி இறங்கும் வழியில் கித்துல்கல இருக்கிறது. அங்குள்ள பெலிலெனக் குகையில் தொல்லியலாளர் சிரான் தெரணியகல 1978 முதல் அகழ்வு நடத்தினார். படை படையாக மண் எடுக்கப்பட்டு, கரித்துண்டுகள் கதிரியக்கக் கார்பன் முறையில் காலக் கணிப்புக்கு அனுப்பப்பட்டன. நுண்கற்கருவிகளைக் கையாண்ட மனிதர் ஏறத்தாழ 30,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கு வாழ்ந்தது தெரிய வந்தது. உள்நாட்டுக் குகையில் கிடைத்த உப்பின் தடயம் கடற்கரையோடு தொடர்பு இருந்ததைக் காட்டியது. 1992இல் தெரணியகல வெளியிட்ட இரு தொகுதி நூலில் பழைய சேகரிப்பாளரின் கண்டுபிடிப்புகளும் இந்தக் காலக்கணக்கோடு ஒப்பிடப்பட்டன. மஸ்கெலியா மேட்டில் கிடைத்த சில்லுகளுக்கு அதன் பிறகே ஒரு பின்புலம் அமைந்தது.

எழுத்துக் காலத்தில் இந்த மலைக்குச் சான்று தருவது கினிகத்தேனைக்கு அருகிலுள்ள அம்பகமுவக் கல்வெட்டு. முதலாம் விஜயபாகு (1055–1110) சிவனொளிபாதமலை யாத்திரிகருக்கு உணவளிக்கக் கிராமங்களை மானியமாக விட்டதையும், தாழ்ந்த சாதியார் எனப்பட்டோர் வணங்க உச்சிக்குக் கீழே தனி மேடை அமைத்ததையும் அது பதிகிறது. இதன் வாசகம் ‘எபிகிராபியா ஸெய்லானிகா’ இரண்டாம் தொகுதியில் அச்சில் உள்ளது.

தோட்டக் காலத்துக்கு அத்தகைய காவல் கிடைக்கவில்லை. 1969இல் மவுசாகலை நீர்த்தேக்கம் நிரம்பியபோது பழைய மஸ்கெலியா நகரம் கோயில், பள்ளிவாசல், விகாரை, கடைவீதி எல்லாவற்றோடும் நீருக்குள் போயிற்று. மக்கள் புதிய நகருக்கு மாறினர். கடும் வறட்சியில் அந்தக் கட்டடங்களின் எச்சம் வெளியே தெரியும். எஞ்சியவற்றுக்குச் சட்டத்தின் துணையும் இயல்பாகக் கிடைப்பதில்லை. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டதையே இயல்பாகத் தொல்பொருள் என்று கொள்கிறது. கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போன நாள் அது. மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்கள் அதற்குப் பிற்பட்டவை. ஆகையால் லயமோ, பழைய தொழிற்சாலையோ, தோட்டத்துக் கோயிலோ பாதுகாப்புப் பெறத் தனி அறிவிப்பு வேண்டும். அது வராத இடங்களில் செக்ரோல் எனப்படும் தொழிலாளர் பெயர்ப் பதிவேடும் தோட்ட வரைபடமும் கோயில் கணக்குப் புத்தகமுமே கள ஏடுகளாக மிஞ்சுகின்றன. அவற்றைக் காப்பது தோட்ட அலுவலகங்களின் கையிலும் தோட்டத்துக் குடும்பங்களின் கையிலும் இருக்கிறது.