படைவீரர் பேச்சுரிமை (இந்தியா)

சீருடை அணிந்தோரும் அரசு இரகசியங்களைக் கையாள்வோரும் பொதுவெளியில் பேசவும் எழுதவும் இந்தியச் சட்டம் வகுத்துள்ள எல்லைகள்.

இதன் தமிழக வரலாறு வேலூரில் தொடங்குகிறது. சென்னைப் படைத் தளபதி ஜான் கிரடாக் காலத்து விதிகள் சிப்பாய்களின் நெற்றிக்குறி, கடுக்கன், தாடி ஆகியவற்றைத் தடைசெய்து புதுவகைத் தலைப்பாகையைத் திணித்தன. 1806 மே மாதம் அதை அணிய மறுத்தவர்களுக்குக் கசையடி விழுந்தது. ஜூனில் முஸ்தபா பேக் என்ற சிப்பாய், கோட்டைக்குள் சதி நடப்பதாக ஆங்கிலேய அதிகாரியிடம் சொன்னார். விசாரணை இந்திய அதிகாரிகளிடமே ஒப்படைக்கப்பட்டது, அவர்கள் அவரைப் பைத்தியம் என்றார்கள், சொன்னவர் சிறைப்பட்டார். ஜூலை 10 விடியும் முன் கிளர்ச்சி வெடித்தது. ஆர்க்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பியின் குதிரைப்படை வந்து அடக்கியபோது நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் மாண்டனர். தலைப்பாகை ஆணை அம்மாதமே திரும்பப் பெறப்பட்டது. மே மாதத்திலேயே செவிசாய்த்திருந்தால் அத்தனை உயிர்கள் போயிருக்க வேண்டியதில்லை.

ஆங்கில அரசு 1889-இல் இயற்றிய இரகசியச் சட்டம் 1923-இல் அரசு இரகசியக் காப்புச் சட்டமாக மறுவடிவம் பெற்று இன்றும் நடப்பில் உள்ளது. அதன் 5-ஆம் பிரிவு இரகசியத்தை வெளியிட்டவரோடு, தெரிந்தே பெற்றுக்கொண்டவரையும் தண்டிக்கும்.

அரசமைப்பின் 33-ஆம் உறுப்பு, படையினரின் அடிப்படை உரிமைகளைக் குறைக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. அதன்படி 1950-ஆம் ஆண்டு இராணுவச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு சங்கம், கூட்டம், பத்திரிகைத் தொடர்பு ஆகியவற்றைக் கட்டுப்படுத்துகிறது. குறையுள்ள வீரர் மேலதிகாரியிடம் முறையிட 26-ஆம் பிரிவு வழிவிடுகிறது. அவ்வழி அடைபட்டால் என்ன ஆகும் என்பதே கேள்வி. 2017 ஜனவரியில் எல்லைப் பாதுகாப்புப் படை வீரர் தேஜ் பகதூர் யாதவ், தண்ணீராய் ஓடும் பருப்பையும் கருகிய ரொட்டியையும் காணொளியாக வெளியிட்டார்; ஏப்ரலில் பணிநீக்கம் செய்யப்பட்டார். உணவுக் குறையை நாட்டின் பாதுகாப்பு இரகசியத்தோடு ஒன்றாக வைக்க முடியாது.

33-ஆம் உறுப்பின் வீச்சு 1984-இல் உளவு அமைப்புகளுக்கும் விரிந்தது. 2021-இல் திருத்தப்பட்ட ஓய்வூதிய விதிகளின்படி, அங்கிருந்து ஓய்வு பெற்றவர்களும் தம் துறை பற்றி எழுத முன் அனுமதி பெற வேண்டும்.

எதிர்த்திசையிலும் நகர்வு உண்டு. பொதுநலன் மேலோங்குமிடத்தில் இரகசியச் சட்டத்தையும் மீறித் தகவல் தரலாம் என்கிறது 2005-ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டம். சென்னையிலிருந்து வெளிவரும் 'தி இந்து' நாளிதழ் வெளியிட்ட ரஃபேல் போர் விமானக் கொள்முதல் ஆவணங்களை அது குறித்த வழக்கில் ஏற்கக் கூடாது என்ற மத்திய அரசின் ஆட்சேபத்தை, 2019 ஏப்ரல் 10 அன்று உச்ச நீதிமன்றம் நிராகரித்தது.