'வேலை: இல்லை'

காஞ்சிபுரம் மாவட்டம் ஏனாத்தூரில் கள ஆய்வு தொடங்கிய முதல் வாரம். "என்ன வேலை செய்றீங்க அக்கா?" என்று ஒருவரிடம் கேட்டேன். "நான் எங்கம்மா வேலைக்குப் போறேன்? வூட்லதான் கீறேன்" என்றார். அவர் காலில் நடவுச் சேறு இன்னும் காயவில்லை. நானோ குறிப்பேட்டில் 'வேலை: இல்லை' என்று எழுதிக்கொண்டேன்.

இரவு அந்த வரி உறுத்தியது. அவர் பொய் சொல்லவில்லை. சொந்தக் கழனியில் நட்டதை அவர் வேலையாக எண்ணவில்லை. என் கேள்வியும் எண்ணவில்லை. கண்டதையும் கேட்டதையும் எழுதிவைப்பதோடு இனவரைவியல் முடிவதில்லை. இரண்டும் முரண்படும் இடத்தில்தான் பகுப்பாய்வு தொடங்குகிறது.

இந்த வட்டாரம் அடங்கியிருந்த பழைய செங்கல்பட்டு மாவட்டத்திலேயே இதற்கு ஒரு வரலாறு உண்டு. இங்கே ஆய்வு செய்த ஜோன் மென்ச்சர், சாதியைக் கீழிருந்து பார்த்தால் அது சுரண்டல் அமைப்பாகவே தெரிகிறது என்று 1974இல் எழுதினார். அதே மாவட்டத்தில் தலித் மக்களிடையே ஆய்வு செய்த மைக்கேல் மொஃபாட், மேல்சாதியாரின் படிநிலை ஒழுங்கை அவர்கள் தங்களுக்குள்ளும் அமைத்துக்கொள்கிறார்கள் என்று 1979இல் எழுதினார். மென்ச்சர் நிலத்தையும் கூலியையும் விசாரித்தார். மொஃபாட் தெய்வங்களையும் சடங்குகளையும் கவனித்தார். கேள்வி மாறியதும் காட்சியும் மாறியது.

கே. சாரதாமணியுடன் சேர்ந்து நெல் வயல் பெண்களின் உழைப்பை 1982இல் எழுதிய மென்ச்சர், பின்னர் தமிழ்நாடு, கேரளக் கூலிக் குடும்பங்களில் கணவன், மனைவி வருமானத்தைத் தனித்தனியே கணக்கிட்டார். பெண்கள் ஏறக்குறைய முழுவதையும் வீட்டுக்குக் கொடுத்தார்கள். ஆண்கள் ஒரு பகுதியைத் தமக்கென வைத்துக்கொண்டார்கள். 'குடும்ப வருமானம்' என்று ஒரே தொகையாக எழுதியிருந்தால் இது தெரிந்திருக்காது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கேள்வியிலேயே கூலியில்லா வயல்வேலையும் அடங்கும் என்று சேர்த்தது 1991இல்தான்.

மறுவாரம் அந்த அக்காவிடம் மீண்டும் போனேன். "நேத்து எழுந்ததுலேர்ந்து படுக்குற வரைக்கும் என்னென்ன செஞ்சீங்க?" என்று கேட்டேன். நான்கு பக்கம் நிரம்பியது. "இம்மாம் வேலையா செய்றேன்?" என்று அவரே சிரித்தார். கழனியின் பட்டா கணவர் பெயரில். பட்டாவைப் பார்த்துத் தரும் பயிர்க்கடனில் அவர் விவசாயி இல்லை.

முதல் வாரத்து வரியை நான் அடிக்கவில்லை. அந்த 'இல்லை'யும் தரவுதான். அவர் வாயில் அது எப்படி வந்தது, என் பேனா ஏன் அதை அப்படியே ஏற்றது என்று பக்கத்தில் இரண்டு கேள்விகள் எழுதிவைத்தேன். என் ஆய்வு அங்கிருந்துதான் தொடங்கியது.