முடிவுபெறாத ஓர் இறுதிப்போட்டி

முள்ளியவளையில் வெயில் தணிந்த பிறகு மைதானத்தின் ஓரத்தில் கூடுகின்ற கூட்டம் இரண்டு வகையானது. ஒன்று, காலில் பந்துடன் உள்ளே இறங்குகின்ற இளைஞர் கூட்டம். மற்றையது, சைக்கிளை மரத்தில் சாத்திவிட்டு வெளியே நின்று, அன்றைய ஆட்டத்தையும் நாற்பது ஆண்டுகளுக்கு முந்திய ஆட்டத்தையும் ஒரே மூச்சில் விமர்சிக்கின்ற முதியவர் கூட்டம். சென்ற ஆண்டு அங்கு போயிருந்தபோது நான் இரண்டாவது கூட்டத்தில் சேர்ந்துகொண்டேன். வயது அப்படி.

அன்று அங்கே ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதம் அவ்வூர்க் கழகமும் அயலூர்க் கழகமும் ஒரு சுற்றுப்போட்டியின் இறுதியாட்டத்திற்குத் தெரிவாகியிருந்தன. மார்ச் 15, ஞாயிற்றுக்கிழமை மாலை ஆட்டம். 13 ஆம் திகதி முதல் பாடசாலைகள் மூடப்பட்டன. ஒரு கிழமை தள்ளிவைப்போம் என்றார்கள். 20 ஆம் திகதி வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. தள்ளிவைத்த அந்த ஆட்டம் இன்றுவரை நடக்கவில்லை. கிண்ணம் யாரோ ஒருவரின் வீட்டு அலுமாரிக்குள் பெயர் பொறிக்கப்படாமலே இருக்கிறது.

கழகத்தின் வரலாற்றை ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கியிருக்கும் இளைஞர்களுக்கு இப்போது வந்திருக்கின்ற கேள்வி இதுதான்: 2020 க்கு நேரே என்ன எழுதுவது?

சிறிய கேள்விதான். ஆனால் அதே ஆண்டில் உலகின் மிகப் பெரிய கழகங்களும் இதே கேள்வியோடு நின்றன. மார்ச் 11 ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. இரண்டு நாட்களில் இங்கிலாந்தின் பிரிமியர் லீக் நிறுத்தப்பட்டது. அப்போது லிவர்பூல் 29 ஆட்டங்களில் 82 புள்ளிகளுடன், இரண்டாம் இடத்தைவிட 25 புள்ளிகள் முன்னே நின்றது. முப்பது ஆண்டுகள் காத்திருந்த பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் நின்றுவிட்டது. அவர்கள் காத்திருந்தார்கள். யூன் 17 இல் வெறும் அரங்குகளில் ஆட்டம் மீண்டும் தொடங்கியது. யூன் 25 இல் லிவர்பூல் பட்டத்தை உறுதிசெய்தது.

பிரான்சு காத்திருக்கவில்லை. ஏப்ரில் இறுதியில் பருவத்தை முடித்து, முன்னணியில் நின்ற பாரிஸ் சென் ஜெர்மனைச் சம்பியன் என்று அறிவித்தது. நெதர்லாந்திலோ அயக்ஸ், அல்க்மார் ஆகிய இரு கழகங்களும் 56 புள்ளிகளுடன் சமமாக நின்றன. கோல் வித்தியாசத்தில் அயக்ஸ் முன்னே நின்றபோதும், அவ்வாண்டு சம்பியன் எவருமில்லை என்று முடிவெடுத்தார்கள். இந்தியாவில் நான்கு சுற்றுகள் மிச்சமிருக்கையிலேயே மோகன் பகான் ஐ-லீக் பட்டத்தை உறுதிசெய்துவிட்டதால் வழக்கு இலகுவாக முடிந்தது. சென்னையின் எஃப்.சி. இரசிகர்களுக்குத்தான் துயரம். மார்ச் 14 இல் கோவாவில் நடந்த ஐ.எஸ்.எல். இறுதியாட்டம் பார்வையாளர் ஒருவருமின்றி நடந்தது. கொல்கத்தாவின் ஏ.ரி.கே. 3–1 என்று வென்றது. தோற்ற துயரத்தைக்கூட அரங்கில் நின்று அனுபவிக்க இயலாமற் போனது.

முள்ளியவளைப் பொடியன்களுக்கு இவையெல்லாம் விரல் நுனியில் இருக்கின்றன. முதற் சுற்றில் தாங்கள் அதிக கோல் அடித்ததால் பிரான்சு வழியில் கிண்ணம் தங்களுக்கே என்று ஒருவன் வாதாடினான். அயலூரில் பெண் எடுத்த இன்னொருவன் நெதர்லாந்தைக் காட்டி அதை மறுத்தான். லிவர்பூல் 1892 இல் எப்படித் தோன்றியது, அன்பீல்ட் மைதானத்தின் வாடகைத் தகராற்றில் எவேர்ட்டன் கழகம் வெளியேற, வெறுமையான மைதானத்துக்கு ஜோன் ஹூல்டிங் எப்படிப் புதிய கழகம் ஒன்றை உண்டாக்கினார் என்பதுவரை அவர்கள் சொன்னார்கள்.

"சரி தம்பி, உங்கட கழகம் எந்த ஆண்டு தொடங்கினது?" என்று கேட்டேன்.

மௌனம். பிறகு ஒருவன் ஓர் ஆண்டைச் சொன்னான். அருகில் நின்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் அதற்கு ஐந்து ஆண்டுகள் முந்திய ஓர் ஆண்டைச் சொன்னார். இன்னொரு பெரியவர் இருவரையும் மறுத்தார். ஐயாயிரம் மைல்களுக்கு அப்பாலுள்ள கழகத்தின் பிறந்தநாள் தெரிகிறது. காலடியில் உள்ள கழகத்தின் பிறந்தநாள் தெரியவில்லை. இளைஞர்களைக் குறைசொல்ல நான் இதை எழுதவில்லை. லிவர்பூலின் கூட்டக் குறிப்பேடுகள் இருக்கின்றன. முள்ளியவளையின் குறிப்பேடுகள் இல்லை.

ஏன் இல்லை என்பதை அந்த ஆசிரியர் சொன்னார். "2008 மார்கழியில வெளிக்கிடேக்குள்ள உழவு யந்திரப் பெட்டியில அரிசி மூட்டை, பாய், சட்டிபானை, கிழவி. கப் எல்லாத்தையும் சாக்கில கட்டிக் கிணத்துக்குள்ள இறக்கினோம். மினிற்ஸ் புத்தகத்தை மட்டும் கையில எடுத்தனான். தேவிபுரம் மட்டும் இருந்தது. அதுக்குப் பிறகு அடுப்பு மூட்டக் கடதாசி இல்லை."

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

வன்னியின் விளையாட்டு வரலாற்றை எழுதப் புகுபவர் நின்றுபோன பருவங்களின் பட்டியலையே முதலில் எழுதவேண்டியிருக்கும். 1990 யூனில் போர் மீண்டும் மூண்டது. அதே ஆண்டு ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்களை வெளியேற்றினார்கள். தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, முள்ளியவளை ஆகிய இடங்களில் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே பந்தைத் துரத்தியவர்கள். ஒரு கிழமைக்குள் அணியில் பாதி இல்லாமற் போனதைப் பெரியவர்கள் இன்றும் தாழ்ந்த குரலிலேயே சொல்கிறார்கள். 1995 ஒக்ரோபர் இறுதியில் யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்தது. அதைத் தொடர்ந்து வன்னிக்கு வந்தவர்களில் நல்ல ஆட்டக்காரர்கள் பலர் இருந்தார்கள். 2004 டிசெம்பர் 26 இல் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அள்ளிச்சென்றது. கடலிலிருந்து உள்ளே தள்ளியிருந்த முள்ளியவளையின் பாடசாலைகள் அகதிமுகாம்களாயின. பிறகு 2008 டிசெம்பர். அதன்பின் நந்திக்கடலுக்கு அப்பால் நடந்தவை உலகறிந்தவை. எஞ்சியவர்கள் செட்டிகுளத்தின் மெனிக் பாம் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அம்முகாம் மூடப்பட்டது 2012 செப்ரெம்பரில். அதன் பின்னரே கடைசிக் குடும்பங்களும் வெளியே வந்தன.

இந்தப் பட்டியலின் கடைசியில் 2020 ஐ வைத்துப் பாருங்கள். அதன் தனித்தன்மை அப்போதுதான் தெரியும். முன்னைய ஒவ்வொரு நிறுத்தத்திலும் இவர்களுக்குக் கிடைத்த கட்டளை "வெளியேறு" என்பது. 2020 இல் மட்டுமே "வீட்டில் இரு" என்றார்கள். "வீட்டில இருந்துகொண்டே நிண்ட முதல் சீசன் இதுதான்" என்று ஆசிரியர் சிரித்தார். முன்பெல்லாம் உலகம் விளையாடிக்கொண்டிருக்க வன்னி மட்டும் நின்றது. இம்முறை உலகம் முழுவதும் சேர்ந்து நின்றது. அயலில் உள்ள கேப்பாப்பிலவு விமானப்படை முகாம் தனிமைப்படுத்தல் நிலையமாகியது. வற்றாப்பளைக் கண்ணகி அம்மனின் வைகாசிப் பொங்கலும் பெருங்கூட்டமின்றியே நடந்தது. ஆனாலும் எவரும் கிணற்றுக்குள் கிண்ணத்தை இறக்கவில்லை. ஊரடங்கு நாட்களில் வேலையின்றியிருந்த இளைஞர்கள் தாத்தாமாரிடம் பழைய ஆட்டங்களைக் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கொப்பி பிறந்தது அப்படித்தான்.

இலங்கையின் தேசிய அணியும் அந்நாட்களில் தேங்கியே நின்றது. 2020 இல் ஆடவேண்டிய உலகக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டங்கள் 2021 யூனில் தென்கொரியாவில் நடந்தன. லெபனானிடம் 2–3 என்று தோற்றபோதும் வசீம் ராசிக் அடித்த இரண்டு கோல்களை இரசிகர்கள் மறக்கவில்லை. அக்காலத் தேசிய அணியில் பின்களம் காத்தவர்களில் ஒருவர் மன்னாரைச் சேர்ந்த டக்சன் பியூஸ்லஸ். 2022 பெப்ரவரியில் மாலைதீவில் அவர் இறந்த செய்தி வந்தபோது வடக்கின் மைதானங்கள் துயரில் ஆழ்ந்தன. வன்னிப் பெருநிலத்து இளைஞன் ஒருவன் தேசிய அணி வரைக்கும் போகலாம் என்பதற்கு உயிருள்ள சாட்சியாக இருந்தவர் அவர்.

இறந்தவர்களைப் பற்றிச் சொல்லும்போது மான்செஸ்ரர் யுனைற்றெட் நினைவுக்கு வருகிறது. 1958 பெப்ரவரி 6 இல் மியூனிக் விமான விபத்தில் அக்கழகம் எட்டு ஆட்டக்காரர்களை இழந்தது. அவர்களின் நினைவாக ஓல்ட் ட்ரபோர்ட் அரங்கின் சுவரில் ஒரு மணிக்கூடு இருக்கிறது. ஆண்டுதோறும் அந்நாளில் அதன்முன் கூடுகிறார்கள். முள்ளியவளைக் கழகம் இழந்தவர்கள் எட்டுப் பேர்தானா, பதினெட்டுப் பேரா? இயக்கத்துக்குப் போனவர்கள், எறிகணையில் மாண்டவர்கள், காணாமற் போனவர்கள், நாட்டைவிட்டே போனவர்கள் என்று ஒவ்வொரு பெயரையும் ஒவ்வொரு பட்டியலில் எழுதவேண்டும். சில பெயர்களை எழுதலாமா என்று இளைஞர்கள் தயங்குகிறார்கள். 1990 இல் புத்தளத்துக்குப் போன வலதுபுற முன்கள வீரரின் பெயரை எழுதுவதா என்றும் ஒருவன் கேட்டான். "அவன்ர பெயர் இல்லாட்டி அது எங்கட ரீம் இல்லை" என்றார் ஆசிரியர். அந்தப் பெயர் கொப்பியில் ஏறியது.

இந்த இடத்தில் என் பங்கையும் சொல்லியாக வேண்டும். மாவட்ட நிருபர்கள் அனுப்பும் செய்திகளைச் செம்மைப்படுத்தும் மேசையில் நான் பல ஆண்டுகள் இருந்தவன். வன்னியிலிருந்து வரும் உதைபந்தாட்டச் செய்திகளில் அணிகளின் பெயர், கோல் அடித்தவர்களின் பெயர், பரிசு வழங்கிய அதிபரின் பெயர் எல்லாம் நிறைந்திருக்கும். பக்கத்தில் இடம் போதாதபோது முதலில் வெட்டப்பட்டவை அவைதான். வெட்டியவன் நான். போர்ச் செய்தி பெரிது, இது சிறிது என்று அன்று எனக்குத் தோன்றியது. இன்று அந்த இளைஞர்கள் தேடி அலைவது நான் குப்பைக்கூடைக்குள் போட்ட அந்த நான்கு வரிகளைத்தான்.

ஆகவே வாசகர்களிடம், சிறப்பாகப் புலம்பெயர்ந்து வாழ்பவர்களிடம், ஒரு வேண்டுகோள். ரொறன்ரோவிலோ இலண்டனிலோ பாரிசிலோ உங்கள் வீட்டுப் பழைய அல்பத்தில், பத்துப் பேர் கைகட்டி நிற்க, ஒருவர் மடியில் பந்துடன் அமர்ந்திருக்கும் கறுப்புவெள்ளைப் படம் ஒன்று இருக்கக்கூடும். அதன் பின்புறத்தில் பெயர்களையும் ஆண்டையும் இன்றே எழுதுங்கள். கழகங்களின் ஆண்டுவிழா மலர்கள், பாடசாலை மலர்கள் கையில் இருந்தால் 2005 முதல் ஈழத்து நூல்களை இணையத்தில் சேர்த்துவரும் நூலகம் திட்டத்திடம் ஒரு படி சேரட்டும். பெயர்களை நினைவில் வைத்திருப்பவர்கள் எழுபதைக் கடந்துவிட்டார்கள். பெருந்தொற்று அவர்களில் சிலரையும் கொண்டுபோய்விட்டது.

வழக்கின் தீர்ப்புக்கு வருகிறேன். நான் அவர்களுக்கு ஒரு பழைய கதையைச் சொன்னேன். கனடாவில் இருப்பவர்களுக்கு ஸ்ரான்லி கிண்ணத்தைத் தெரியும். அது பனிக்கட்டி ஹொக்கிக்கு உரியது. 1919 இல் மொன்றியல் கனேடியன்ஸ் அணியும் சியாற்றில் மெற்றோபொலிற்றன்ஸ் அணியும் இறுதித் தொடரில் சமநிலையில் நின்றபோது, உலகை உலுக்கிய இன்ஃபுளுவென்சா ஆட்டக்காரர்களையும் பற்றியது. தொடர் கைவிடப்பட்டது. மொன்றியல் அணியின் ஜோ ஹோல் சில நாட்களில் இறந்துபோனார். பிற்காலத்தில் அக்கிண்ணத்தில் அந்த ஆண்டுக்கு நேரே இரண்டு அணிகளின் பெயர்களையும் பொறித்து, தொடர் முடிவுபெறவில்லை என்று எழுதினார்கள்.

பொடியன்கள் சற்றுநேரம் பேசவில்லை. பிரான்சுக்காரன் முணுமுணுத்தான். இருட்டிவிட்டிருந்தது. காட்டா விநாயகர் கோயிற் பக்கமிருந்து மணியோசை வந்தது. ஒருவன் கைபேசி வெளிச்சத்தைப் பிடிக்க மற்றவன் கொப்பியில் எழுதினான்: 2020. முதலில் அயலூர்க் கழகத்தின் பெயர், பிறகு தங்கள் கழகத்தின் பெயர், அதற்கு நேரே "முடிவுபெறவில்லை".

பேனையை மூடப்போனவனை ஆசிரியர் தடுத்தார். "பக்கத்தைப் பிரட்டு. 1990 க்கும் அதையே எழுது. 2008 க்கும் எழுது."