கடலோர ஹாலஜன் ஆவிகள்

கார்பனோடு குளோரின், புரோமின், அயோடின் ஆகிய ஹாலஜன் அணுக்கள் சேர்ந்து உண்டாகி, கடல்நீரிலிருந்து எளிதில் காற்றில் ஏறிவிடும் சேர்மங்கள் இவை. மெத்தில் அயோடைடு, டைஅயோடோமீத்தேன், புரோமோஃபார்ம் ஆகியவை முக்கியமானவை. கடற்பாசி அடர்ந்த கரையோர நீரில் இவை நடுக்கடலில் இருப்பதைவிடப் பல மடங்கு செறிந்திருக்கின்றன.

கடற்பாசிக்கும் ஹாலஜன்களுக்கும் நெடுங்கால உறவு உண்டு. 1811இல் பிரான்சில் வெடியுப்பு தயாரித்துவந்த பெர்னார் கூர்த்துவா, கடற்பாசிச் சாம்பலில் அமிலம் ஊற்றியபோது எழுந்த ஊதா ஆவிதான் அயோடின். 1826இல் மோன்பெலியே உப்பளங்களின் நீரிலிருந்து அந்துவான் பலார் புரோமினைப் பிரித்தெடுத்தார். இந்தத் தனிமங்களைக் கடல் தானாகவே வாயுவாக வெளியேற்றுகிறது என்று தெரிய மேலும் ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. அத்தனை நுண்ணிய அளவைப் பிடிக்கக் கருவி இல்லாததே காரணம்.

அந்தக் கருவியை, எலக்ட்ரான் கவர்வு உணரியை, 1950களில் உருவாக்கியவர் பிரிட்டனின் ஜேம்ஸ் லவ்லாக். 1971–72இல் ‘ஷாக்கிள்டன்’ ஆய்வுக் கப்பலில் அதை ஏற்றிக்கொண்டு அட்லாண்டிக்கில் தெற்கே போனார். மனிதர் செய்த குளோரோஃப்ளூரோகார்பனும் கடல் தந்த மெத்தில் அயோடைடும் அந்தப் பயணத்தில் ஒன்றாகவே அளக்கப்பட்டன. முடிவுகள் 1973இல் ‘நேச்சர்’ இதழில் வந்தன.

அடுத்து ஆய்வாளர்கள் கரைக்குத் திரும்பினார்கள். ஹவாய் மக்கள் விரும்பி உண்ணும் ‘லிமு கோஹு’ என்ற சிவப்புப் பாசியின் எண்ணெயில் பெரும்பகுதி புரோமோஃபார்ம் என்று 1970களில் கண்டறிந்தார்கள். அயர்லாந்தின் மேஸ் ஹெட் கரையிலோ, கடல் வற்றிப் பாசி வெயிலில் கிடக்கும் பகல்வேளைகளில் காற்றில் திடீரெனக் கோடிக்கணக்கான நுண்துகள்கள் பிறந்தன. டைஅயோடோமீத்தேன்தான் காரணம் என்று 2002இல் கருதினார்கள். அழகான விளக்கம்தான், ஆனால் முழுமையானதன்று. பாசி அயோடின் மூலக்கூறையே நேரடியாக வெளிவிடுகிறது என்று 2004இல் தெரியவந்தது. பாசியே இல்லாத இடத்திலும், காற்றிலுள்ள ஓசோன் கடல்மேற்பரப்பின் அயோடைடோடு வினைபுரிந்து அயோடின் வாயுக்களை எழுப்புகிறது. இதன் அளவு எவ்வளவு பெரிது என்பதை 2013இல் வெளியான ஆய்வு காட்டியது.

புரோமோஃபார்மின் பாதை வேறு. காற்றில் அதன் ஆயுள் இரண்டு, மூன்று வாரம்தான். ஆயினும் வெப்பமண்டல இடிமேகங்கள் அதை விரைவாக உயரே ஏற்றிவிடுகின்றன. ஓசோன் படலத்தை அழிப்பதில் ஒரு புரோமின் அணு குளோரின் அணுவைவிட ஏறத்தாழ 60 மடங்கு வலியது. அந்தப் படலத்தின் உயரத்திலுள்ள புரோமினில் சுமார் கால்பங்கு இத்தகைய குறுகிய ஆயுள் சேர்மங்களின் பங்கு.

எல்லாப் புரோமோஃபார்மும் பாசி தந்ததும் அல்ல. கல்பாக்கம் போன்ற கடலோர மின்நிலையங்களில் குளிரூட்டும் நீர்வழிகளில் சிப்பி ஒட்டாதிருக்கக் குளோரின் கலக்கிறார்கள். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 65 மில்லிகிராம் புரோமைடு உண்டு. குளோரின் அதோடு வினைபுரிய, விளைபொருளாகப் புரோமோஃபார்ம் உருவாகிறது. மாட்டுத் தீவனத்தில் சேர்த்து அதன் வயிற்றில் மீத்தேன் உருவாவதைக் குறைக்க, லிமு கோஹுவைப் பெருமளவில் வளர்க்கும் முயற்சியும் இப்போது நடக்கிறது. அதனால் காற்றில் சேரும் புரோமோஃபார்மை முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்வது அவசியம். ஓசோனைக் காக்க 1987இல் உருவான மாண்ட்ரியல் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் புரோமோஃபார்ம் இல்லை.