ரேஞ்ச் ரோவர்: சேற்றுக்குப் பிறந்து மாளிகைக்குப் போன வண்டி



ரேஞ்ச் ரோவர் என்றதும் தோல் இருக்கைகளும், உள்ளே சாய்ந்து உட்கார்ந்திருக்கும் ஒரு பெரிய மனிதரும்தான் நினைவுக்கு வருவார்கள். ஆனால் 1970-ல் இது பிறந்தபோது வண்டியின் உட்புறத்தை ஹோஸ் பைப் பிடித்துக் கழுவலாம்! ரெக்சின் இருக்கை, ரப்பர் விரிப்பு, இரண்டே கதவுகள். அது எப்படி இது ஆனது? பார்ப்போம்.

இங்கிலாந்தின் சோலிஹல் நகரில் இருந்த ரோவர் நிறுவனம் 1948 முதல் லேண்ட் ரோவர் வண்டிகளைத் தயாரித்து வந்தது. விவசாயிகளுக்கும் ராணுவத்துக்கும் ஏற்ற முரட்டு வண்டி அது. சேற்றில் அசராமல் போகும், ஆனால் உட்கார்ந்து போகிறவரின் இடுப்பு ஒடிந்துவிடும். காரணம் அதன் பட்டை ஸ்பிரிங்.

1960-களின் நடுவில் ஸ்பென் கிங், கார்டன் பாஷ்ஃபோர்டு என்ற இரு பொறியாளர்கள் இதற்கு வழி தேடினார்கள். கார்களில் இருப்பதுபோல் மென்மையான சுருள் ஸ்பிரிங்கைப் போட்டால் மேடு பள்ளத்திலும் சக்கரம் தரையை விடாது, பயணமும் சுகம் என்பது அவர்கள் கணக்கு. அமெரிக்காவின் பியூக் நிறுவனம் கைவிட்ட 3.5 லிட்டர் அலுமினிய வி8 எஞ்சினை ரோவர் ஏற்கெனவே உரிமையோடு வாங்கி வைத்திருந்தது. அதுவும் சேர்ந்தது. எப்போதும் நான்கு சக்கரங்களுக்கும் விசை, நான்கிலும் டிஸ்க் பிரேக். விஷயம் வெளியே தெரியாமலிருக்க, சோதனை வண்டிகளுக்கு 'வெலார்' என்று பெயர் ஒட்டி ஓட்டினார்கள்!

வண்டி நிஜமாகவே முரடுதானா? 1971-72-ல் பிரிட்டிஷ் ராணுவக் குழு ஒன்று இரண்டு ரேஞ்ச் ரோவர்களை அலாஸ்காவிலிருந்து தென் அமெரிக்காவின் தென்கோடிவரை ஓட்டியது. நடுவில் சாலையே இல்லாத டேரியன் சதுப்புக் காட்டைத் தாண்ட மட்டும் சுமார் 3 மாதங்கள். 1979-ல் நடந்த முதல் பாரிஸ்-டக்கார் பந்தயத்தில் கார் பிரிவில் வென்றதும் இதுவே.

அப்படியானால் ஆடம்பரம் எங்கிருந்து வந்தது? வாங்கியவர்களிடமிருந்து! பணக்காரர்களுக்கு வண்டி பிடித்துப் போனது. ஆனால் அதை மேம்படுத்த தாய் நிறுவனமான பிரிட்டிஷ் லேலண்டிடம் பணமில்லை. 1975-ல் அதை அரசே ஏற்க வேண்டியிருந்தது. அந்த இடைவெளியில் வெளியாட்கள் புகுந்தார்கள். லண்டனின் வுட் அண்ட் பிக்கெட் சொகுசு இருக்கைகளைப் பொருத்தியது. சுவிட்சர்லாந்தின் மான்டெவெர்டி நான்கு கதவு வைத்தது. இதைப் பார்த்துத்தான் நிறுவனமும் 1981-ல் நான்கு கதவு வண்டியைக் கொண்டுவந்தது. 1982-ல் ஆட்டோமேட்டிக் கியர், 1987-ல் அமெரிக்கச் சந்தை, 1992-ல் ஏர் சஸ்பென்ஷன் என்று படிப்படியாக ஏறியது.

பிறகு முதலாளிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள். 1994-ல் பிஎம்டபிள்யூ, 2000-ல் ஃபோர்டு, 2008-ல் நம் ஊர் டாடா. மூன்றாம் தலைமுறையை உருவாக்கியது பிஎம்டபிள்யூ, விற்றது ஃபோர்டு! 2012-ல் வந்த நான்காம் தலைமுறை முழு அலுமினிய உடலால் 420 கிலோ வரை எடை குறைந்தது. ஐந்தாம் தலைமுறை 2021-ல் வெளியானது.

இந்த மாற்றம் 2010-ல் மறைந்த ஸ்பென் கிங்குக்குப் பிடிக்கவில்லை. இந்த மாதிரி வண்டிகளை நகரத்தில் அந்தஸ்துக்காக ஓட்டுகிறவர்களை 2004-ல் அவர் வெளிப்படையாகவே கண்டித்தார்.

அவர் கோபம் எனக்கும் புரிகிறது. ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. ரோவர் கார்களைத் தயாரித்த நிறுவனம் 2005-ல் திவாலாகி மூடப்பட்டது. ரேஞ்ச் ரோவர் மட்டும் பிழைத்ததற்கு, கிங் கண்டித்த அந்த வாடிக்கையாளர்கள் கொடுத்த பணமும் ஒரு காரணம். அவர் நினைத்தபடியே அது சேற்று வண்டியாக இருந்திருந்தால் இன்றைக்கு மியூசியத்தில்தான் பார்த்திருப்போமோ? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?