பழைய நிழற்படங்களும் முன்னோர் உடையழகும்

சென்ற போகிப் பண்டிகைக்கு முதல்நாள் வீட்டுப் பரணைத் துப்புரவு செய்தபோது, தகரப் பெட்டி ஒன்றின் அடியிலே, பழந்துணியில் சுற்றிய நிழற்படம் ஒன்று நமக்குக் கிடைத்தது. தடித்த அட்டையில் ஒட்டப்பெற்ற அப்படத்தின் கீழே, பெங்களூர் சிவில் மிலிடெரி ஸ்டேஷனில் இருந்த படக்கூடம் ஒன்றின் பெயர் பொன்னெழுத்தில் மங்கிக் கிடந்தது. நாற்காலியில் கொள்ளுப்பாட்டனார், அருகே கொள்ளுப்பாட்டியார், காலடியில் சிறுவர் இருவர், ஓரத்தில் நின்றவாறு இன்னோர் அம்மையார். பின்புறத்தில் பெயரும் இல்லை, ஆண்டும் இல்லை. ஈஜிபுராவில் வாழும் நம்மவர் இல்லங்கள் பலவற்றிலும் இத்தகைய படம் ஒன்றேனும் இருக்கும். ஆதலின் அவற்றைப் பற்றிச் சில சொல்லுதல் இம்மலருக்குப் பொருந்தும் எனக் கருதுகின்றோம்.

ஒளியால் உருவத்தைப் பதிக்கும் கலை, பிரான்சு நாட்டுத் தாகேர் என்பவரின் முறையாக 1839-இல் உலகறிய வெளியாயிற்று. பதினேழே ஆண்டுகளில், 1856-இல், சென்னையில் புகைப்படக் கழகம் ஒன்று தோன்றிவிட்டது. சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக அமர்ந்த லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி, 1858-இல் மதுரை, தஞ்சைக் கோயில்களைப் படம் பிடித்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாக எடுத்து, ஒரே நீண்ட சுருளாக ஒட்டிய அவர் உழைப்பு இன்றும் வியக்கத்தக்கது. முதலில் கோயில்களையும் கோமக்களையும் நாடிய அக்கலை, நாளடைவில் செல்வர் இல்லங்களுக்கும், பின்னர் நம்போன்ற எளியோர்க்கும் வந்து சேர்ந்தது.

பெங்களூரில் அது வேரூன்றக் காரணங்கள் பல. 1809-இல் இங்குப் படைமுகாம் அமைந்தது. அதனைத் தொடர்ந்து சிப்பாய்களாகவும் வணிகர்களாகவும் தொழிலாளர்களாகவும் தமிழர் திரளாக வந்தனர். 1864-இல் சோலையார்பேட்டையிலிருந்து கண்டோன்மென்ட் வரை இருப்புப்பாதை திறக்கப்பெற்றது, வரவு பெருகிற்று. வெள்ளைக்காரத் துரைமார்க்கென எழுந்த படக்கூடங்களின் வாயில் நம்மவர்க்கும் திறந்தது. 1910-இல் தொடங்கிய ஜி. கே. வேல் படக்கூடத்தின் பெயரை இந்நகரில் அறியாதார் சிலரே. ஊரைவிட்டு வந்தவர்க்குப் படம் வெறும் அலங்காரப் பொருள் அன்று. நலமாயுள்ளோம் என்று பிறந்த ஊருக்குக் காட்டும் சான்று.

அச்சான்றுக்கு அவர்கள் அணிந்த உடையைக் காணுங்கள். ஆடவர்க்கு இடையில் வேட்டி, மேலே கழுத்துவரை பொத்தானிட்ட கோட்டு, தலைப்பாகை, சட்டைப்பையிலிருந்து தொங்கும் கடிகாரச் சங்கிலி. மாதர்க்குப் பட்டுப்புடவை, தோளிலே பொம்மிய கைவைத்த ரவிக்கை, அட்டிகை, ஒட்டியாணம், வங்கி. இவை யாவும் தொன்றுதொட்டு மாறாது வந்தவை என எண்ணுவோர் உளர், அது பிழை. பொம்மிய கை அக்காலத்து ஆங்கில மாதர் உடையிலிருந்து வந்தது. வடக்கே, கல்கத்தாவின் தாகூர் குடும்பத்து மருமகளாகிய ஞானதானந்தினி தேவியார், 1860-களில் பம்பாயில் வாழ்ந்தபோது பார்சிப் பெண்டிர் உடுத்தும் முறையைக் கண்டு, ரவிக்கையும் உட்பாவாடையும் சேர்ந்த புடவைக் கட்டு ஒன்றைப் பரப்பினார். பிறரிடம் கண்ட நல்லதைத் தமதாக்கிக்கொண்டும் தமது பட்டைக் கைவிடாதிருந்தனர் நம் முன்னோர். அதுவே அவர்தம் உடையழகின் நுட்பம்.

வளைகாப்புப் படங்களிலும் ஒரு நயம் உண்டு. சூல்கொண்ட பெண்ணின் பின்னே நிலைக்கண்ணாடியை நிறுத்தி, தாழம்பூவும் மல்லிகையும் வைத்துத் தைத்த சடையையும் முகத்தையும் ஒரே படத்தில் அடக்குவர். அன்றைய தட்டுகளில் உருவம் பதிய நெடுநேரம் ஆனமையால் அசையாதிருத்தல் வழக்கமாயிற்று. விரைவில் பதியும் தட்டுகள் வந்த பின்னரும் அவ்வழக்கம் போகவில்லை. பழைய படங்களில் எவரும் சிரியாதிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி நம் படத்திற்கு வருவோம். கொள்ளுப்பாட்டியாரின் புடவை கருமையாகத் தோன்றிற்று. ஓரத்து அம்மையாரின் புடவையோ வெண்மை. நெற்றியிருந்த இடத்தைப் பூச்சி அரித்திருந்தது. ஆகவே அவர் கணவனை இழந்தவர் என்றே வீட்டார் அனைவரும் முடிவு செய்தோம். பின்னர், தொண்ணூறு வயதைக் கடந்த நம் அத்தைப் பாட்டியாரிடம், சோலையார்பேட்டையில், அப்படத்தைக் காட்டினோம். “கருப்பா? அது அரக்குக் கூறையடா! அவள் கட்டியிருப்பது வானநீலப் பட்டு. சிறுமியாய் இருந்தபோது இரண்டையும் பெட்டியில் தொட்டுப் பார்த்திருக்கிறேன்” என்றார்.

அவர் சொல் அறிவியலுக்கும் ஒத்ததே. பழைய தட்டுகள் செந்நிற ஒளியை உணரா. நீல ஒளியையோ மிகுதியாக உணரும். எனவே சிவப்பு கருப்பாகவும், வெளிர்நீலம் வெண்மையாகவும் பதியும். எல்லா நிறங்களையும் உணரும் தட்டுகள் 1906-இல் விற்பனைக்கு வந்தபோதிலும், பழைய வகை பல கூடங்களில் நெடுநாள் வழங்கிற்று. தட்டின் குறையை அறியாத நாம், சுமங்கலி ஒருத்தியைக் கைம்பெண் ஆக்கிவிட்டோம். “அவர் பெயர் என்ன?” என்று வினவினோம். “பெரியம்மா என்றே அழைப்போம், பெயர் தெரியாதே” என்றார் பாட்டியார். புடவையின் நிறம் மீண்டது, பெயர் மீளவில்லை.

புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியுடன், தமிழ்நாட்டுப் படக்கூடங்களின் பழைய படங்களைத் தேடிக் கணினியில் பதிவு செய்துள்ளனர். அப்பணி போற்றத்தக்கது. ஆயினும் நம் வீட்டுப் பெயர்களை நாமே எழுத வேண்டும் அன்றோ? 2013 ஜனவரியில் நம் ஈஜிபுராவில் எளியோர் குடியிருப்பு இடிக்கப்பட்டபோது, பல குடும்பங்கள் கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வெளியேறின. அத்தகைய நாளில் அரிசியையும் பாத்திரத்தையும் நாடும் கை, படத்தை நாடுமோ?

ஆகவே அன்பர்களே! இவ்விழா முடிந்து இல்லம் சேர்ந்ததும் படங்களை வெளியே எடுங்கள். ஈரம் படாத இடத்தில், பசையிட்டு ஒட்டாமல், தாளுறையில் வையுங்கள். வீட்டு முதியவரை அருகே அமர்த்தி, யார், எவ்வூர், எவ்வாண்டு, புடவை என்ன நிறம் என்று கேளுங்கள். மெல்லிய பென்சிலால், அழுத்தாமல், பின்புறத்தில் எழுதுங்கள். நம் படத்தின் பின்னே நாமும் எழுதியுள்ளோம்: “பெரியம்மா. வானநீலப் பட்டு.” அதற்குமேல் எழுத நம்மிடம் ஒன்றும் இல்லை. உங்கள் இல்லத்தில் இன்னும் இருக்கக்கூடும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!