முற்றத்தை விட்டு நீங்காத எஞ்சின்

புகையிரதம் என்றதும் நமது நினைவுக்கு வருவது காற்றெனக் கடுகிச் செல்லும் எஞ்சினே. சரக்கு முற்றத்தில் நாள் முழுதும் முன்னும் பின்னுமாய் ஊர்ந்து, பெட்டிகளைப் பிரித்தும் கோத்தும் நிரைப்படுத்தும் ‘ஷண்டிங்’ எஞ்சினை எவர் நினைப்பர்? ஆயினும் பிரித்தானியாவின் டீசல் எஞ்சின் வகுப்புகளுள் மிகப் பெரியது, 08ஆம் வகுப்பு எனப் பின்னாளில் பெயர்பெற்ற அத்தகைய எஞ்சின்தான்.

முற்றவேலையிற் பெரும்பொழுது காத்திருப்பதிலேயே கழியும். நீராவி எஞ்சினோ, சும்மா நிற்கும்போதும் நிலக்கரியைத் தின்றுகொண்டே நிற்கும். விடியலில் வேலையெனின் பல மணி நேரம் முன்பே தீமூட்டல் வேண்டும். சாரதியுடன் நெருப்பைப் பேண இன்னொருவரும் வேண்டும். இவ்வீண்செலவைக் கண்ட எல்.எம்.எஸ். புகையிரதக் கம்பனி 1930களில் டீசலைப் பரீட்சித்தது. டீசல் பொறி மின்பிறப்பாக்கியைச் சுழற்ற, அம்மின்சாரம் மோட்டார்களை இயக்க, தண்டுகளாற் பிணைந்த ஆறு சக்கரங்களும் ஒருங்கே உருளும். நின்ற நிலையிலிருந்து பெரும்பாரத்தை அசைப்பதற்கு இவ்வமைப்பு மிகப் பொருந்திற்று.

1948இல் புகையிரதங்கள் தேசியமயமாகின. 1952 முதல் 1962 வரை, டார்பி முதலிய ஐந்து தொழிற்சாலைகளில் இவ்வகுப்பின் 996 எஞ்சின்கள் கட்டப்பெற்றன. வலு 350 குதிரைவலுவே; இன்று ஒரு பெரிய லொறிக்கும் அவ்வளவு உண்டு! ஆயினும் ஏறத்தாழ 50 தொன் எடை தண்டவாளத்தை இறுகப் பற்றிற்று. வேகம் மணிக்கு 20 மைலைத் தாண்டாது. தாண்ட வேண்டிய தேவையும் இல்லை.

இனி, நற்பேறற்ற ஓர் உறவினரைப் பற்றியும் சொல்லல் வேண்டும். சுவின்டன் தொழிற்சாலை 1964–65இல் 650 குதிரைவலுவுடைய 56 எஞ்சின்களைக் கட்டிற்று. அவையே 14ஆம் வகுப்பு. முற்றவேலையோடு குறுந்தூரச் சரக்கு வண்டிகளை இழுப்பதும் அவற்றின் பணி. ஆனால் அச்சரக்கு ஏற்கெனவே லொறிகளுக்கு மாறிக்கொண்டிருந்தது. கிளைப்பாதைகள் பலவற்றை மூடுமாறு 1963இலேயே பீச்சிங் அறிக்கை கூறிவிட்டது. 1969 முடிவதற்குள், ஐந்து வயதும் நிறையுமுன்னர், அனைத்தும் சேவையினின்றும் நீக்கப்பட்டன. பல, நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் உருக்காலைகளுக்கும் விலையாயின. அங்கே நன்றாகவே உழைத்தன. பழுது எஞ்சினில் இல்லை; கட்டளையிட்ட காலத்திலேதான்.

அதே காற்று 08ஆம் வகுப்பையும் விடவில்லை. முற்றங்கள் மூடப்பட, நூற்றுக்கணக்கானவை பழைய இரும்பாயின. எனினும் பணிமனைக்குள் வண்டிகளை நகர்த்த ஏதேனும் ஒன்று வேண்டுமே! 2020களிலும் அவற்றுட் சில அவ்வேலையைச் செய்துகொண்டிருந்தன.